ராஜகீழ்ப்பாக்கத்துக்கு ஓர் இருக்கை

தாம்பரம் – வேளச்சேரி சாலைக்கு இதுவரை மூன்று ரயில்கள் அறிவிக்கப்பட்டுவிட்டன. முதலில் மோனோ ரயில். 2011-ல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசு, சென்னையில் நான்கு தடங்களில் 111 கி.மீ. மோனோ ரயில் ஓடும் என்றது. அதில் ஒரு தடம் வண்டலூரிலிருந்து வேளச்சேரிக்கு, 23 கி.மீ. ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள், ரத்து செய்தார்கள், மறுபடி கோரினார்கள். பிறகு பேச்சே அடங்கிவிட்டது. அடுத்து 2019-20 வாக்கில் மெட்ரோ லைட் வந்தது. தாம்பரம் முதல் வேளச்சேரி வரை 15.5 கி.மீ. சாலையின் நடுவே தூண்களின் மேல் சிறிய ரயில் என்று படமெல்லாம் போட்டார்கள். இப்போது மூன்றாவதாக, தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகக் கிண்டி வரை முழு அளவு மெட்ரோ என்ற பேச்சு. இந்தச் சாலையிலுள்ள ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் காலை எட்டு மணிக்கு நிற்பவர் இன்றும் எதிர்பார்ப்பது வி51, 99 பேருந்துகளைத்தான். அவை வராவிட்டால் ஷேர் ஆட்டோ.

பெரிய திட்டங்கள் தள்ளிப்போவது நம் நாட்டில் புதிதல்ல. ரயில் வரவில்லை என்பதல்ல என் குறை. மூன்று முறையும் இந்தச் சாலையில் வசிக்கும், இந்தச் சாலையில் பிழைக்கும் மக்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் குறை. எந்த இடத்தில் நிலையம் வர வேண்டும், ரயில் வரும்வரை எத்தனை பேருந்து வேண்டும், தூண் நடச் சாலையை அகலப்படுத்தினால் யார் கடை போகும் என்பதையெல்லாம் அவர்கள் செய்தித்தாள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். மெட்ரோ லைட் பேசப்பட்ட காலத்தில் கேட்பதற்கும் ஆளில்லை. 2016 அக்டோபரோடு உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ராஜகீழ்ப்பாக்கம் அப்போது இருந்த செம்பாக்கம் நகராட்சியில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. தனி அலுவலர்தான் எல்லாம். ஓர் ஊரின் முதுகெலும்பான சாலையில் 15 கி.மீ. தூரத்துக்குத் தூண் நடும் திட்டம் தயாரான காலத்தில், அந்த ஊருக்கு மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி ஒருவரும் இல்லை.

அந்த நகராட்சியும் இன்று இல்லை. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள், ஒரு மேயர். ஊர் பெரிதானது. சாலையின் மீது ஊருக்கு இருந்த பிடி மட்டும் பெரிதாகவில்லை.

ஒரு நிறுத்தம், ஐந்து அலுவலகங்கள்

ராஜகீழ்ப்பாக்கத்தின் பேருந்து நிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. ஓரத்தில் ஓடும் மழைநீர் வடிகாலும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. அந்த நீர் போய்ச் சேரும் ஏரி நீர்வளத் துறையுடையது. குப்பையும் தெருவிளக்கும் உட்புறத் தெருக்களும் மாநகராட்சியுடையவை. பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. சிக்னலும் அதில் நிற்கும் காவலரும் 2022-ல் உருவான தாம்பரம் காவல் ஆணையரகத்தின் கீழ் வருபவர்கள். நிழற்குடை மட்டும் அந்தந்த நேரத்தில் யாருக்கு நிதி இருக்கிறதோ அவருடையது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டினால் அவர் பெயர், நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் கட்டினால் இவர் பெயர், முழங்கை நீளத்தில் எழுதியிருக்கும். எந்த எண் பேருந்து எங்கே போகும் என்று எழுதியிருக்கும் நிழற்குடையைச் சென்னைப் புறநகரில் கண்டுபிடித்துக் கொடுப்பவருக்குப் பரிசு கொடுக்கலாம்.

இதன் விளைவு கண்ணுக்குத் தெரிவது. வடிகால் மூடி சாலை மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நிற்கும். நிழற்குடை அதற்குப் பின்னால், பள்ளத்தில். அதன் முன்னே ஷேர் ஆட்டோ வரிசை. ஆகவே பேருந்து நடுச்சாலையில் நிற்கும். மூட்டுவலிக்காரப் பெரியவர் மூடி மேல் ஏறி, ஆட்டோவுக்குள் புகுந்து, இரு சக்கர வாகனத்துக்கு வழிவிட்டு, படிக்கட்டைப் பிடிப்பதற்குள் நடத்துநர் விசில் ஊதிவிடுவார். இதைச் சரிசெய்ய கோடிக் கணக்கில் செலவில்லை. மூடியைத் தாழ்த்த வேண்டும், நிறுத்தத்தைச் சிக்னலிலிருந்து சற்றுத் தள்ளிப் போட வேண்டும், ஆட்டோக்களுக்கு இருபதடி தள்ளி ஓர் இடம் குறிக்க வேண்டும். மூன்றும் மூன்று அலுவலகங்களின் வேலை. மூவரையும் ஒரே நாளில் அந்த இடத்தில் நிற்க வைக்கும் அதிகாரம் வார்டு கவுன்சிலருக்கு இல்லை, மேயருக்கு இல்லை, ஆணையருக்கும் இல்லை.

சாலையின் நீளத்தில் போனால் சிக்கல் கூடும். கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், காமராசபுரம் வரை தாம்பரம் மாநகராட்சி. வேங்கைவாசல், மேடவாக்கம் என்றால் ஊராட்சி, பரங்கிமலை ஒன்றியம். பள்ளிக்கரணை 2011-லேயே சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இரண்டு மாநகராட்சிகள், இரண்டு ஊராட்சிகள். மேடவாக்கம் கூட்டுச் சாலையில் மேம்பாலம் கட்ட நெடுஞ்சாலைத் துறையிடம் பணம் இருந்தது. சுமார் இரண்டு கி.மீ. நீள மேம்பாலம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. கார்கள் அதன் மேல் பறக்கின்றன. பேருந்துக்காகக் காத்திருப்பவர் பாலத்துக்கு அடியில் சாலையைக் கடக்கிறார்.

கூடிப் பேச ஒரு குழுமம்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஒரு சட்டமே போட்டிருக்கிறோம். பத்து லட்சம் மக்களுக்கு மேல் உள்ள நகரங்களில் போக்குவரத்தை ஒரே இடத்தில் திட்டமிட ஓர் அமைப்பு வேண்டும் என்று 2006-ன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. அதையொட்டி 2010-ல் தமிழ்நாடு சட்டமன்றம் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டத்தை நிறைவேற்றியது. சுருக்கமாகக் ‘கும்டா’. சட்டம் வந்து பல ஆண்டுகள் தூங்கியது. மெட்ரோவுக்கு மத்திய உதவி வேண்டுமானால் இப்படி ஓர் அமைப்பு இருந்தே ஆக வேண்டும் என்று 2017-ன் மெட்ரோ ரயில் கொள்கை நிபந்தனை போட்டது. அதன் பிறகுதான் கோப்பு நகர்ந்தது. குழுமத்தின் முதல் கூட்டம் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தலைமையில் நடந்தது 2022 நவம்பரில். சட்டத்துக்கும் முதல் கூட்டத்துக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள்.

கூடிய பிறகு அது சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பெருநகருக்கு 25 ஆண்டுப் போக்குவரத்துத் திட்டம் தயாரித்தது. 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு. பறக்கும் ரயிலை மெட்ரோவிடம் ஒப்படைக்க ரயில்வே வாரியம் 2025-ல் கொள்கை அளவில் ஒப்புக்கொண்டது. இவையெல்லாம் துறைகள் ஒன்றோடொன்று பேசியதால் கிடைத்தவை. பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிளாம்பாக்கம் சாட்சி. 393.74 கோடி ரூபாயில் கட்டிய பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபோது, பக்கத்திலேயே ஓடும் ரயில் பாதையில் ஒரு நிலையம் இல்லை. பெட்டி படுக்கையோடு இறங்கியவர்கள் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய் ரயிலேற வேண்டியிருந்தது.

ஆனால் அந்தக் குழுமத்தின் மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? முதலமைச்சர் தலைவர். அமைச்சர்கள், தலைமைச் செயலாளர், துறைச் செயலாளர்கள், காவல் துறை, பெருநகர வளர்ச்சிக் குழுமம், பேருந்துக் கழகம், மெட்ரோ நிறுவனம், ரயில்வே. பெரும்பாலும் பதவி வழியாக வருபவர்கள். அவர்களின் திறமையைக் குறை சொல்லவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினருக்கும், வேங்கைவாசல் ஊராட்சித் தலைவருக்கும் அந்த மேசையில் இடமில்லை என்பதைத்தான் சொல்கிறேன். அது துறைகளைச் சேர்த்துவைக்கும் மேசை. ஊர்களைச் சேர்த்துவைக்கும் மேசை அல்ல. பெருநகர எல்லையை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.க்கு விரித்து 2022-ல் ஆணை வந்தது. அப்படியானால் எத்தனை நூறு ஊராட்சிகள் கோட்டைக்குள் எட்டிப் பார்க்காமலே திட்டத்துக்குள் வந்துவிட்டன என்று யோசித்துப் பாருங்கள்.

அரசியல் சாசனம் வேறு மாதிரி நினைத்திருந்தது. 74-வது திருத்தம் சேர்த்த 243 இசட்.இ பிரிவு, பெருநகரம் ஒவ்வொன்றிலும் ஒரு பெருநகரத் திட்டமிடல் குழு வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. 1993-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம். சென்னையில் திட்டமிடும் நாற்காலியில் இன்றும் இருப்பது பெருநகர வளர்ச்சிக் குழுமம்தான். பெங்களூரு 2022-ல் தனக்கென்று ஒரு போக்குவரத்து ஆணையச் சட்டம் போட்டபோது அங்கும் இதே கேள்வி எழுந்தது. கொச்சி அதற்கு முன்பே, 2020-ல் தன் ஆணையத்தைத் தொடங்கியது. எல்லா ஊரிலும் முதலில் அதிகாரிகளுக்கு நாற்காலி போடுகிறோம். மக்களுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம்.

காசு போடுபவருக்குக் குரல்

நாற்காலியைப் பணம் தீர்மானிக்கிறது. கும்டாவின் வேலை அரசு ஒதுக்குவதையும் கடன் திட்டங்களில் வருவதையும் நம்பி நடக்கிறது. 2021-ல் உலக வங்கி சென்னை நகரச் சேவைகளுக்காக 15 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. கும்டாவை வலுப்படுத்துவதும், பேருந்துக் கழகத்துக்குச் சேவையின் அடிப்படையில் பணம் தருவதும், தனியார் நடத்தும் மின்சாரப் பேருந்துகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் தருவதும் அதன் பகுதிகள். 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் கிளம்பியது அந்த ஏற்பாட்டில்தான். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ.; 63,246 கோடி ரூபாய். ஜப்பானின் ஜைகா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை கடன் தருகின்றன. அதன் ஐந்தாவது தடம் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்குப் போகிறது. கடன் கொடுத்தவர் கூட்டத்தில் உட்காராவிட்டாலும் அவர் சொன்ன நிபந்தனை நடக்கும். நல்ல நிபந்தனையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாஷிங்டனில் இருப்பவரின் நிபந்தனை சேலையூர் தாண்டி வந்துவிடுகிறது. ராஜகீழ்ப்பாக்கத்துக்காரரின் கோரிக்கை கேம்ப் ரோடு தாண்டுவதில்லை.

ராஜகீழ்ப்பாக்கம் காசு போடவில்லையா? போடுகிறது, அது வேறு கணக்கில் ஏறுகிறது. இந்தச் சாலையின் இரு பக்கமும் கடந்த இருபது ஆண்டுகளில் எழுந்த அடுக்குமாடிகளை நினைத்துப் பாருங்கள். பெரிய கட்டடத்துக்குத் திட்ட அனுமதி வாங்கும்போது உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் என்று ஒன்று வசூலிக்கிறார்கள், 2008-ன் விதிகளின்படி. அது மாநில அளவிலான நிதியில் சேர்கிறது. கட்டுநர் அதை வீட்டின் விலையில் ஏற்றிவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆக, மகாலட்சுமி நகரில் வீடு வாங்கிய வங்கி ஊழியர் தன் வீட்டுக் கடனோடு சேர்த்து ஊரின் உட்கட்டமைப்புக்கும் தவணை கட்டுகிறார். வண்டி வாங்கும்போது மோட்டார் வாகன வரி, பெட்ரோல் போடும்போது ஒவ்வொரு லிட்டருக்கும் மாநில வரி, மத்திய வரி. இவற்றில் எது எப்போது இந்தச் சாலைக்குத் திரும்பி வரும் என்று சொல்லும் ஏற்பாடு எங்கும் இல்லை. கொடுத்தது கணக்கில் தெரியாததால், கேட்பது சலுகை கேட்பதுபோல் ஆகிவிடுகிறது.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத்தையும் இந்த இடத்தில் பேச வேண்டும். இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த போக்குவரத்து முடிவு அது என்பது என் கருத்து. அரசு அதற்கான தொகையைக் கழகத்துக்கு ஈடுசெய்கிறது. ஆனால் இலவசம் சாதாரணப் பேருந்தில் மட்டும். அடுத்தடுத்து இரண்டு சொகுசுப் பேருந்துகள் வந்துபோனால், வீட்டு வேலைக்கு வேளச்சேரி போகிற பெண் மூன்றாவதற்காக நிற்கிறார். ஒரு தடத்தில் சாதாரணப் பேருந்து எத்தனை, சொகுசு எத்தனை, குளிர்சாதனம் எத்தனை என்பது யாரோ ஒருவர் மேசையில் முடிவாவது. அந்த மேசையில் அந்தப் பெண் இல்லை.

வெளியூர்ப் பாடம்

அமெரிக்காவில் 1962-ல் ஒரு சட்டம் வந்தது. ஐம்பதாயிரத்துக்கு மேல் மக்கள் உள்ள நகர்ப் பகுதிகளில், அங்குள்ள உள்ளாட்சிகளும் மாநிலமும் சேர்ந்து தொடர்ச்சியாகத் திட்டமிட்டால்தான் நெடுஞ்சாலைக்கு மத்தியப் பணம் கிடைக்கும் என்றது. அதிலிருந்து வளர்ந்தவை பெருநகரத் திட்டமிடல் அமைப்புகள். நகர மேயரும் சிற்றூர்த் தலைவர்களும் பேருந்து நிறுவனமும் ஒரே வாரியத்தில் உட்கார்ந்து, எந்தச் சாலைக்கு, எந்தப் பேருந்துக்கு எவ்வளவு என்று ஓட்டெடுக்கிறார்கள். திட்டமிடும் வேலைக்கென்றே மத்திய அரசு தனியாகப் பணம் தருகிறது; அதற்கு உள்ளூரும் ஒரு பங்கு போட வேண்டும். பணமும் பிரதிநிதித்துவமும் ஒரே சட்டத்துக்குள் கோக்கப்பட்டதுதான் அதன் சிறப்பு.

அதற்காக அதைப் பெயர்த்தெடுத்து இங்கே நட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கே பல வாரியங்களில் ஊருக்கு ஓர் ஓட்டு. பத்தாயிரம் பேர் வாழும் புறநகருக்கும் ஓர் ஓட்டு, பல லட்சம் பேர் வாழும் நகரத்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. காரில் போகும் புறநகர் கைதூக்கினால் நெடுஞ்சாலை, பேருந்தில் போகும் நகரம் கைதூக்கினால் தோல்வி. டெட்ராய்ட் நகரில் இது அநியாயம் என்று தேவாலயங்களின் கூட்டமைப்பு ஒன்று நீதிமன்றம் போய்ப் பார்த்தது, பலிக்கவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்துக்கு இருக்கை கேட்கும் நாம், அந்த இருக்கையில் உட்கார்ந்தவர் வியாசர்பாடியின் பேருந்தைப் பிடுங்கி இங்கே மேம்பாலம் கேட்டால் என்ன செய்வது என்றும் யோசிக்க வேண்டும்.

பிரான்ஸ் பணத்தின் பக்கம் ஒரு வழி கண்டது. 1971-ல் பாரிஸ் பகுதியில், ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனங்கள் சம்பளத் தொகையில் ஒரு பங்கைப் போக்குவரத்துக்குத் தர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பிறகு மற்ற நகரங்களுக்கும் விரித்தார்கள். வேலைக்கு ஆள் வந்து சேர்வதால் லாபம் அடைபவர் அந்த ஆள் வரும் வழிக்கும் காசு போடட்டும் என்பது நியாயம். நம் ஊரில் பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி வண்டிகள் ஓட்டுகின்றன. காலையில் கேம்ப் ரோட்டில் நின்றால் அரசுப் பேருந்துக்கு முன்னும் பின்னும் அவையே. அந்தச் செலவில் ஒரு பங்கு பொது நிதிக்கு வந்தால் அதே சாலையில் எல்லோருக்கும் ஓடும் பேருந்து கூடும். வரி போடுவது மாநிலத்தின் அதிகாரம், உடனே நடக்காது. ஆனால் பேசவே கூடாத யோசனை அல்ல.

யார் வந்து பேசுவது?

உள்ளூர்க்காரருக்கு இருக்கை என்று சொல்லிவிட்டால் போதாது. எந்த உள்ளூர்க்காரர்? புறநகரில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் முதலில் வந்து முன்வரிசையில் உட்காருபவர்கள் நகர் நலச் சங்கத்தினர். அவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பகுதியில் பல ஏரிகள் எப்போதோ காணாமல் போயிருக்கும். மனுப் போட்டே தேய்ந்தவர்கள். அவர்கள்மீது மதிப்பு உண்டு. இருந்தாலும் நலச் சங்கத்தில் வீட்டு உரிமையாளர்தான் உறுப்பினர். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். வீட்டில் கார் இருக்கும். வாடகைக்கு இருப்பவர், மாடம்பாக்கத்திலிருந்து சித்தாள் வேலைக்குக் கேம்ப் ரோடு வருபவர், மேடவாக்கம் துணிக்கடையில் இரவு பத்து மணிவரை நின்று விற்கும் பெண் — இவர்களுக்குச் சங்கம் இல்லை. கூட்டம் வேலை நாளில் காலை 11 மணிக்கு நடக்கும். பேருந்தில் போகிறவர் அந்த நேரத்தில் பேருந்தில் போய் இறங்கிய இடத்தில் வேலை செய்துகொண்டிருப்பார். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, ஆங்கிலத்தில் ஓடும் திரைக்காட்சியைப் பார்த்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் கைதூக்கச் சொன்னால் யார் வருவார்கள்?

நிதியும் பிரதிநிதித்துவமும் ஒன்றாகும் இடம் இதுதான். பிரதிநிதித்துவத்துக்கும் செலவு உண்டு. கவுன்சிலர்கள் விஷயத்தில் தமிழ்நாடு அதை ஒப்புக்கொண்டது. 2023-ல் மேயர்களுக்கு மாதம் 30,000 ரூபாய், மாநகராட்சி உறுப்பினர்களுக்கு 10,000 ரூபாய் மதிப்பூதியம் அறிவிக்கப்பட்டது. அதே நியாயம் கூட்டத்துக்கு வரும் பயணிக்கும் பொருந்தும். ஓர் அமர்வுக்கு ஒரு நாள் கூலி, மாலை நேரக் கூட்டம், தமிழில் எழுதிய ஆவணம். ஒரு மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு வண்ணம் பூசும் செலவில் இந்தச் சாலை முழுவதற்கும் பல ஆண்டுகள் இதை நடத்தலாம்.

அதற்கான மேடையும் ஏற்கெனவே இருக்கிறது. வார்டு குழு, பகுதி சபா விதிகள் 2022-ல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ல் பகுதி சபாக் கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்தது இதே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலுக்குத்தான். கிராம சபைபோல நகரத்துக்கும் ஒரு சபை என்று அன்று பேசப்பட்டது. ஆனால் பகுதி சபாவில் பேருந்து வேண்டும் என்று தீர்மானம் போட்டால் அது எங்கே போகும்? மாநகராட்சி ஆணையர் அதைக் கழகத்துக்கு அனுப்புவார். கழகம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி எழுதும், எழுதாமலும் இருக்கலாம். பதில் சொல்லும் கடமை சட்டத்தில் இல்லாதவரை மனு மனுவாகவே இருக்கும்.

அதிகாரிகள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. ஆள் கூடினால் முடிவு தாமதமாகும். வேளச்சேரி – பரங்கிமலை இடையே வெறும் 5 கி.மீ. பறக்கும் ரயில் பாதை நில இழப்பீட்டு வழக்கில் சிக்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. ஒவ்வொரு ஊரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் நகராது என்பார்கள். அந்த வழக்கைச் சற்று உற்றுப் பார்த்தால் எதிர்ப்பாடமும் கிடைக்கும். நிலம் கொடுப்பவர்களோடு முன்கூட்டியே பேசித் தீர்க்காததைப் பிறகு நீதிமன்றத்தில் பேசித் தீர்க்க வேண்டிவந்தது. மோனோ ரயிலை எந்த ஊர்க்காரரும் தடுக்கவில்லை. அது கோட்டையிலேயே நின்றுவிட்டது.

இன்னொரு வாதம், தாம்பரம் மாநகராட்சியே நிதிக்குத் தவிக்கும்போது அது என்ன பங்கு போடும் என்பது. சரியான கேள்வி. ஆகவேதான் இருக்கையைப் பங்குத் தொகையோடு கட்டிவிடக் கூடாது என்கிறேன். காசுக்குத் தக்க குரல் என்று வைத்தால் சென்னை மாநகராட்சி பேசும், மெட்ரோ நிறுவனம் பேசும், வேங்கைவாசல் ஊராட்சி வாசலில் நிற்கும். இருக்கை மக்கள்தொகையையும் பேருந்துப் பயணிகளின் எண்ணிக்கையையும் வைத்து வரட்டும். பணம் அந்தப் பகுதியிலிருந்து ஏற்கெனவே வசூலான அடிப்படை வசதிக் கட்டணத்தில் ஒரு குறிப்பிட்ட பங்காக, கேட்காமலே, ஆண்டுதோறும் திரும்பி வரட்டும். அந்தப் பங்கை மேம்பாலத்துக்குத் தொடக் கூடாது. நடைபாதை, நிறுத்தம், தெருவுக்குள் வரும் சிற்றுந்து, சாலையைக் கடக்கும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும். புறநகர் ஓட்டு பலத்தில் நகரப் பேருந்தைப் பறிக்கும் டெட்ராய்ட் ஆபத்துக்கும் இதுவே தடுப்பு.

முழுப் பெருநகருக்கும் இதை ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. ஒரு சாலையில் தொடங்கலாம். தாம்பரம் – வேளச்சேரி சாலைக்கு ஒரு வழித்தடக் குழு. சாலையோர வார்டுகளின் கவுன்சிலர்கள், வேங்கைவாசல், மேடவாக்கம் ஊராட்சித் தலைவர்கள், பணிமனை மேலாளர், நெடுஞ்சாலைத் துறையின் உதவிப் பொறியாளர், போக்குவரத்துக் காவல் ஆய்வாளர். ஷேர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் கட்டாயம். அவரை விரட்டிக்கொண்டே திட்டம் போட்டதால்தான் நிறுத்தங்கள் இந்த நிலையில் இருக்கின்றன. பயணிகளில் பாதிப் பேர் பெண்கள், மாற்றுத் திறனாளி ஒருவர், பள்ளி மாணவர்களின் பெற்றோர் ஒருவர். நலச் சங்கத்துக்கும் இடம், ஆனால் ஓர் இடம். குழு சொல்வதைக் கும்டா ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் 60 நாளுக்குள் காரணத்தை எழுத்தில், தமிழில் தர வேண்டும். குழுவின் கூட்டக் குறிப்பு நிறுத்தத்திலேயே ஒட்டப்பட வேண்டும். நிழற்குடையில் பெயர் எழுதும் இடத்தில் ஒட்டினால் இடப் பிரச்சினையும் இருக்காது.

மெட்ரோ வருமானால் வரட்டும், நல்லதுதான். தூண் எங்கே நிற்கும், நிலையத்தின் படிக்கட்டு எந்தப் பக்கம் இறங்கும், கட்டுமானம் நடக்கும் ஐந்தாறு ஆண்டுகளில் வி51 எந்த வழியாகச் சுற்றும் என்பவை இப்போதே கேட்க வேண்டியவை. திட்ட அறிக்கை கையெழுத்தான பிறகு கேட்டால் பதில் ‘திட்டத்தில் இல்லை’ என்றுதான் வரும். பகுதி சபா ஆண்டுக்கு நான்கு முறை கூட வேண்டும் என்பது விதி. தாம்பரம் மேயரே, இந்தச் சாலையோர வார்டுகளின் கவுன்சிலர்களே, அடுத்த சபையின் முதல் பொருளாக இந்தச் சாலைக்கான மெட்ரோவின் விரிவான திட்ட அறிக்கையை வையுங்கள். அதன் தமிழ்ச் சுருக்கத்தைக் கும்டாவிடமும் மெட்ரோ நிறுவனத்திடமும் கேட்டு வாங்குங்கள், கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு மேல் வையுங்கள். ராஜகீழ்ப்பாக்கம், காமராசபுரம் வாசகர்களே, உங்கள் வார்டு அலுவலகத்தில் சபைத் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்று தவறாமல் போய் உட்காருங்கள்.